டொமினியனில் எந்தக் கார்டை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு டொமினியன் என்ற கார்டு ஆட்டத்தின் பெட்டியைத் திறப்பது வழக்கம். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: இத்தனை கார்டு இருக்கே, எதை வாங்கினால் ஜெயிக்கலாம்? அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். அடிப்படைப் பெட்டியின் இரண்டாம் பதிப்பில் உள்ள கார்டுகளை வைத்துப் பேசுகிறேன்.

ஆட்டமே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டொனால்ட் எக்ஸ். வக்காரினோ உருவாக்கிய ஆட்டம் இது. 2008-இல் வெளிவந்தது. மறுவருடமே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரஸ்' விருதைப் பெற்றது. 2 முதல் 4 பேர் ஆடலாம்.

ரம்மியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டு. ஆரம்பத்தில் ஆளுக்கு 10 கார்டு: காப்பர் 7, எஸ்டேட் 3. உங்கள் முறை வந்தால் கையில் இருக்கும் 5 கார்டில் ஒரு ஆக்‌ஷன் கார்டை, அதாவது அதில் எழுதியிருப்பதைச் செய்ய விடும் கார்டை, இறக்கலாம், பிறகு கையில் உள்ள காசுக்கு ஒரு கார்டு வாங்கலாம். அவ்வளவுதான். மிச்சம் இருப்பது, இறக்கியது, வாங்கியது எல்லாவற்றையும் கழித்த குவியலில் போட்டுவிட்டு அடுத்த 5 கார்டை எடுக்க வேண்டும். கட்டு தீர்ந்தால் கழித்ததைக் கலைத்து மறுபடி கட்டாக வைத்துக்கொள்ளலாம். அதாவது இன்று வாங்கியது இரண்டு மூன்று முறை கழித்து உங்கள் கைக்கே திரும்பி வரும்.

காசுக் கார்டு மூன்று வகை. காப்பர் 1 காசு தரும், சில்வர் 2, கோல்டு 3. புள்ளிக் கார்டும் மூன்று வகை. எஸ்டேட் 1 புள்ளி, டச்சி 3, பிராவின்ஸ் 6. பிராவின்ஸின் விலை 8. இவை எல்லா ஆட்டத்திலும் உண்டு. இவற்றோடு 26 வகைக் கார்டுகளில் ஏதாவது 10 வகையை நடுவில் அடுக்கி வைப்போம். பிராவின்ஸ் தீர்ந்தாலோ, ஏதாவது மூன்று குவியல் காலியானாலோ ஆட்டம் முடிந்தது. கட்டில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் வெற்றி.

பத்து வகையையும் விரித்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தனித்தனியாக எது நல்ல கார்டு என்று பார்க்காதீர்கள். அந்தப் பத்துக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். நான் பார்க்கும் வரிசை இது. வேண்டாத கார்டை ஒரேயடியாகக் கட்டைவிட்டு வெளியேற்ற வழி இருக்கிறதா? கூடுதலாகக் கார்டு எடுக்க வழி இருக்கிறதா? ஒரே முறையில் ஒன்றுக்கு மேல் ஆக்‌ஷன் இறக்க முடியுமா? ஒன்றுக்கு மேல் வாங்க முடியுமா? எதிராளியைத் தாக்கும் கார்டு உண்டா?

இந்தப் பதில்களை வைத்துத்தான் ஒரு கார்டின் மதிப்பு ஏறும், இறங்கும். கூடுதல் ஆக்‌ஷன் தரும் வில்லேஜ் இல்லாத ஆட்டத்தில், கார்டு எடுக்க விடும் ஸ்மிதியை மூன்று வாங்குவது வீண். வில்லேஜ் இருந்தால் அதே மூன்றும் தங்கம். போன வாரம் உங்களை ஜெயிக்க வைத்த கார்டை இந்த வாரமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சாப்பல் வெறும் 2 காசு, காசும் தராது, கார்டும் தராது. அதைப் போய் ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். சாப்பல் செய்வது ஒன்றே ஒன்று: கையிலிருந்து 4 கார்டு வரை குப்பைக்கு அனுப்பலாம். கழிப்பது வேறு, குப்பைக்கு அனுப்புவது வேறு. கழித்தது திரும்பி வரும். குப்பைக்குப் போனது வரவே வராது.

முதலில் ஒரு கணக்கு. ஆரம்பக் கட்டில் 10 கார்டுக்கு 7 காசு, அதாவது ஒரு கார்டுக்குச் சராசரி 0.7. ஐந்து கார்டில் 8 காசு பிடித்தால்தான் பிராவின்ஸ் வாங்கலாம். அதற்கு ஒரு கார்டுக்கு 1.6 வேண்டும். 2 காசு தரும் சில்வர் வாங்கினால் சராசரி ஏறும். ஒரு காசு தரும் காப்பரும் காசே தராத எஸ்டேட்டும் அந்த 1.6-க்குக் கீழே இருப்பவை, கட்டைக் கீழேதான் இழுக்கும். உங்கள் கையில் முதல் நாளிலிருந்து இருக்கும் பத்தும் இந்த ரகம். புதிதாக நல்லதைச் சேர்ப்பது ஒரு வழி. இருக்கும் மோசத்தை வெளியேற்றுவது இன்னொரு வழி, பெரும்பாலும் இதுதான் வேகம்.

ஒரு ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன். முதல் இரண்டு முறையில் ஒரு சாப்பல், ஒரு சில்வர் வாங்கினேன். கட்டில் இப்போது 12 கார்டு. மூன்றாவது முறை கைக்கு வந்தது சாப்பல், எஸ்டேட் 2, காப்பர் 2. சாப்பலை இறக்கி மற்ற நான்கையும் குப்பைக்கு அனுப்பினேன். கையில் ஒரு காசு இல்லை, எதுவும் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், "சித்தி, காசையுமா தூக்கிப் போடுறீங்க?" என்று பதறிவிட்டாள். அவள் அந்த முறையில் இன்னொரு சில்வர் வாங்கினாள்.

நான்காவது முறை எனக்கு சில்வரும் நான்கு காப்பரும் வந்தன. 6 காசு. கோல்டு வாங்கினேன். இப்போது என் கட்டில் மொத்தம் 9 கார்டு: காப்பர் 5, சில்வர், கோல்டு, சாப்பல், ஒரு எஸ்டேட். காசு 10. அவள் நான்கு முறையும் சில்வர் வாங்கியிருந்தாள். கட்டில் 14 கார்டு, காசு 15. சராசரி என்று பார்த்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் என் 9 கார்டு இரண்டே முறையில் ஒரு சுற்று வந்துவிடும். அவளுடைய 14 கார்டு சுற்றி வர மூன்று முறை ஆகும். இதற்குப் பிறகு நான் வாங்கும் ஒவ்வொரு நல்ல கார்டும் உடனுக்குடன் கைக்கு வரும். அவளுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி முறைக்கு முறை அகலமாகிக்கொண்டே போகும். அன்றைக்கு அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். இப்போது எங்கள் வீட்டில் முதலில் சாப்பலைத் தேடுவது அவள்தான்.

அப்படியானால் எல்லா காப்பரையும் எறிந்துவிடலாமா?

எஸ்டேட்டை யோசிக்காமல் எறியுங்கள். காப்பரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அடுத்தடுத்த முறைகளில் ஏதாவது வாங்கும் அளவுக்குக் கட்டில் காசு இருக்க வேண்டும். நான்கைந்து காசுக்குக் கீழே போய்விட்டால் கட்டு மெலிந்துதான் இருக்கும், ஆனால் வாங்க வக்கில்லாமல் நிற்கும். சில்வரோ கோல்டோ ஒன்றிரண்டு சேர்ந்த பிறகு மிச்சக் காப்பரை விடலாம். சாப்பல் ஒன்று போதும், இரண்டாவது வாங்காதீர்கள்.

சாப்பல் இல்லாத ஆட்டத்தில் இந்த வேலையை வேறு கார்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும். மணிலெண்டர் ஒரு காப்பரைக் குப்பைக்கு அனுப்பி 3 காசு தரும். ரீமாடல் ஒரு கார்டை எறிந்து, அதைவிட 2 காசு வரை கூடுதல் விலையுள்ளதைத் தரும். செண்ட்ரி ஒரு கார்டு எடுத்துக்கொள்ளவும் இன்னொரு ஆக்‌ஷன் இறக்கவும் விட்டு, கட்டின் மேலே உள்ள இரண்டைப் பார்த்து எறியவோ கழிக்கவோ திருப்பி வைக்கவோ விடும். செண்ட்ரியின் விலை 5. முதல் 5 காசு கை வந்ததும் தயங்காமல் வாங்கத் தகுந்தது.

முதல் இரண்டு முறையில் என்ன வாங்குவது?

பத்துக் கார்டும் இரண்டு கையாகப் பிரியும். ஆறில் ஐந்து தடவை 3-4 அல்லது 4-3 என்று காசு வரும். ஆறில் ஒரு தடவை 5-2 அல்லது 2-5.

3-4 வந்தால் ஒரு சில்வர், ஒரு 4 காசு ஆக்‌ஷன் என்பது நம்பகமான ஆரம்பம். சாப்பல் இருந்தால் 3 காசு கையிலேயே அதை வாங்குங்கள். ஒரு காசு வீணாகிறதே என்ற வருத்தம் வேண்டாம். 5-2 வரும்போது 5 காசில் விட்ச், லேபரட்டரி, செண்ட்ரி, மார்க்கெட் மாதிரி ஒன்று. 2 காசுக்குச் சாப்பல் இருந்தால் யோகம்தான். வேறு நல்லதாக 2 காசில் இல்லாவிட்டால் ஒன்றும் வாங்காமல் விடுவதே மேல். இலவசமாகக் கிடைக்கிறதே என்று காப்பர் எடுக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

ஸ்மிதி எத்தனை வாங்கலாம்? வில்லேஜ் எப்போது?

ஸ்மிதி 4 காசு, 3 கார்டு எடுத்துக்கொள்ளலாம். அருமையான கார்டு. ஆனால் இறக்கியதோடு உங்கள் ஒரே ஆக்‌ஷன் தீர்ந்தது. எடுத்த மூன்றில் இன்னொரு ஸ்மிதி வந்தால் அது கையில் சும்மா கிடக்கும். இப்படி ஆக்‌ஷனைத் தின்றுவிடும் கார்டுகளை நான் 'முட்டும் கார்டு' என்று சொல்லித் தருகிறேன். மிலிஷியா, விட்ச், ரீமாடல், மணிலெண்டர், கவுன்சில் ரூம் எல்லாம் இந்த ரகம்.

முதல் இரண்டு முறையிலேயே கார்டு எடுக்காத இரண்டு முட்டும் கார்டு வாங்கினீர்கள் என்று வையுங்கள், மிலிஷியாவும் மணிலெண்டரும் மாதிரி. 12 கார்டுக் கட்டில் அவை இரண்டும் மூன்றாவது முறையிலோ நான்காவதிலோ ஒரே கையில் வந்து மோத 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்தில் மூன்று ஆட்டத்தில் இரண்டாவது கார்டு தூங்கும். அதனால் வில்லேஜ் இல்லாதபோது முட்டும் கார்டு ஒன்று, கட்டு பெருத்த பிறகு இரண்டு. அதோடு நிறுத்துங்கள்.

வில்லேஜ் 3 காசு. ஒரு கார்டு எடுத்துக்கொண்டு, கூடுதலாக இரண்டு ஆக்‌ஷன் இறக்கலாம். இதைப் பார்த்ததும் ஆசைப்பட்டு முதலிலேயே நான்கைந்து வாங்கிவிடுவார்கள். பிறகு கையில் வில்லேஜ் மேல் வில்லேஜாக இறக்கிவிட்டு, ஆறு ஆக்‌ஷன் மீதம் வைத்துக்கொண்டு, இறக்க ஒன்றும் இல்லாமல் மூன்று காசோடு முழிப்பார்கள். தனி வில்லேஜ் தனக்குப் பதிலாக ஒரு கார்டு எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. மோத இரண்டு கார்டு இருந்தால்தான் வில்லேஜுக்கு வேலை. ஆகவே முதலில் ஒரு ஸ்மிதி, பிறகு இரண்டாவது முட்டும் கார்டு, அதை ஒட்டி ஒரு வில்லேஜ். அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்துப் போங்கள். கட்டு மெலிந்து இருந்தால் மூன்று வில்லேஜ், மூன்று ஸ்மிதியில் முழுக் கட்டையும் ஒரே முறையில் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த தருணம் அதுதான். கட்டு இருந்த இடம் காலியாக, எல்லாக் கார்டும் கையில் விசிறியாக விரிந்திருக்கும்.

இதெல்லாம் எதற்கு? சில்வர், கோல்டு, பிராவின்ஸ் என்று மட்டும் வாங்கினால் போதாதா?

போதும், பல ஆட்டத்தில். 3 வந்தால் சில்வர், 6 வந்தால் கோல்டு, 8 வந்தால் பிராவின்ஸ். இதோடு ஒரே ஒரு ஸ்மிதி சேர்த்தாலே புதியவர்கள் பத்து வகையிலிருந்தும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கலவைக் கட்டைத் தாராளமாக ஜெயிக்கும். இதைக் கேவலமாக நினைக்கவே கூடாது. உங்கள் பிரமாதமான திட்டம் இந்த எளிய வழியைவிட வேகமானதா என்பதுதான் அளவுகோல். ஒரு ஆக்‌ஷன் கார்டைக் கையில் எடுக்கும்போது, "இதே காசுக்கு ஒரு சில்வர் வாங்கியிருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லையென்றால் சில்வரையே வாங்குங்கள்.

குப்பைக்கு அனுப்ப வழி, கார்டு எடுக்க வழி, வில்லேஜ் மூன்றும் நடுவில் இருந்தால் மட்டும் காசு வழி பின்தங்கிப்போகும்.

கோல்டா, லேபரட்டரியா?

லேபரட்டரி 5 காசு. 2 கார்டு எடுத்துக்கொள்ளலாம், இன்னொரு ஆக்‌ஷனும் இறக்கலாம். முட்டாது. எத்தனை வாங்கினாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

ஒப்பிட ஒரு வழி உண்டு. கையில் லேபரட்டரி இருந்த இடத்தில் இரண்டு கார்டு வருகிறது. கோல்டு இருந்தால் அதே இடத்தில் 3 காசு. உங்கள் கட்டில் சராசரி ஒரு கார்டுக்கு 1 காசு என்றால் லேபரட்டரி 2 காசுக்குத்தான் சமம், கோல்டு மேல். சராசரி 1.5-ஐத் தொட்டால் இரண்டும் சமம். அதைத் தாண்டினால் லேபரட்டரி முந்தும். எனவே காப்பரும் எஸ்டேட்டும் நிறைந்த பெருத்த கட்டில் கோல்டு, மெலிந்த கட்டில் லேபரட்டரி. தாக்கும் கார்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டும் என்ற திட்டம் இருந்தால், அதைத் தேடிக் கொண்டுவர லேபரட்டரிதான் உதவும்.

விட்ச் வந்தால் எல்லாரும் அதையே வாங்க வேண்டுமா?

ஆமாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விட்ச் 5 காசு. நீங்கள் 2 கார்டு எடுப்பீர்கள், மற்ற ஒவ்வொருவரும் ஒரு கர்ஸ் எடுப்பார்கள். ஒரு கர்ஸுக்கு ஒரு புள்ளி குறையும் என்பது சின்ன விஷயம். கையில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான கேடு. சாப்பல் செய்யும் நன்மையை அப்படியே தலைகீழாக்கி எதிராளிக்குச் செய்கிறது விட்ச். இருவர் ஆட்டத்தில் 10 கர்ஸ் இருக்கும். மூவருக்கு 20, நால்வருக்கு 30. முதலில் விட்ச் இறக்கியவர் அதில் பெரும்பங்கைத் தள்ளிவிட்டுவிடுவார். 5 காசு வந்த முதல் கையிலேயே வாங்குங்கள்.

தாக்குதலுக்குப் பயந்து மோட் வாங்கலாமா?

மோட் 2 காசு. 2 கார்டு எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் தாக்கும்போது கையில் இருந்தால் காட்டித் தப்பிக்கலாம். கையில் இருந்தால் என்பதைக் கவனியுங்கள். 15 கார்டுக் கட்டில் ஒரு மோட் வைத்திருந்தால் எந்த ஒரு கையிலும் அது இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். மூன்று தாக்குதலில் இரண்டு உங்கள் மேல் விழும். இருவர் ஆட்டத்தில் மோட் வாங்குவதற்குப் பதிலாக நீங்களும் விட்ச் நோக்கிப் போவது நல்லது. நால்வர் ஆட்டத்தில் ஒரே சுற்றில் மூன்று பேரும் தாக்கக்கூடும். ஒரே மோட்டை மூன்று தடவையும் காட்டலாம். அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

மிலிஷியாவின் தாக்குதல் வேறு விதம். உங்களுக்கு 2 காசு, மற்றவர்கள் கையில் 3 கார்டு மட்டும். மூன்று கார்டில் 8 காசு பிடிக்கக் குறைந்தது இரண்டு கோல்டும் ஒரு சில்வரும் ஒன்றாக வர வேண்டும். அடிக்கடி நடக்குமா? அதனால்தான் 4 காசுக் கார்டுகளில் மிலிஷியாவை நான் முதலில் எடுப்பேன். அதற்குச் சரியான பதில் லைப்ரரி. கையில் 7 ஆகும்வரை கார்டு எடுக்கலாம் என்பதால், கை சுருங்கியவருக்குத்தான் அது அதிகம் தரும்.

பார்க்க நன்றாக இருந்தும் வாங்கக் கூடாத கார்டு?

'கூடவே கூடாது' என்று எதுவும் இல்லை. ஆனால் புதியவர்கள் அளவுக்கு மீறி விரும்பும் சில உண்டு. மைன் அதில் முதல். காப்பரை எறிந்து சில்வர் கைக்கு வரும், சில்வரை எறிந்து கோல்டு வரும். இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 காசு செலவழித்து, ஒரு ஆக்‌ஷனையும் செலவழித்து, ஒரு முறைக்கு ஒரு காசு உயர்வு. கார்டின் எண்ணிக்கையும் குறைவதில்லை. அதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

ப்யூரோக்ராட்டும் அப்படித்தான். சில்வர் சேர்த்துத் தருகிறது, மெதுவாக. வர்க்‌ஷாப் 4 காசு வரையுள்ள கார்டை இலவசமாகத் தரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை பயன்படும், பிறகு கையில் பாரம். த்ரோன் ரூம் ஒரு ஆக்‌ஷனை இரண்டு தடவை இறக்க வைக்கும். கட்டில் ஆக்‌ஷன் நிறைய இருந்தால் அற்புதம். காசுக் கார்டு பத்துக்கு நடுவில் ஒரு த்ரோன் ரூம் என்றால் தனியாகத்தான் நிற்கும்.

முதல் பதிப்பில் தீஃப் என்று ஒரு கார்டு இருந்தது. எதிராளியின் கட்டில் மேலிருந்து இரண்டைத் திறந்து ஒரு காசுக் கார்டைக் குப்பைக்கு அனுப்பும், வேண்டுமானால் நாமே எடுத்துக்கொள்ளலாம். கேட்கப் பயங்கரம். உண்மையில் பாதி நேரம் அகப்படுவது காப்பர். எதிராளி சாப்பல் வாங்காமலேயே அவர் கட்டை நாம் மெலிய வைத்துக்கொடுத்த கதை. 2016-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அது உட்பட ஆறு கார்டை நீக்கிவிட்டார்கள். அதே வேலைக்கு வந்த பேண்டிட் காப்பரைத் தொடுவதில்லை. அதோடு இறக்கியவருக்கு ஒரு கோல்டும் தருகிறது.

கார்டன்ஸ்?

இதுவும் ஒரு புள்ளிக் கார்டு, நடுவில் அடுக்கும் வகைகளில் ஒன்று. கட்டில் உள்ள ஒவ்வொரு 10 கார்டுக்கும் ஒரு புள்ளி. 39 கார்டு இருந்தால் 3 புள்ளிதான், 40 ஆனால் 4. இதுவரை சொன்ன மெலிய வைக்கும் பாடத்தை எல்லாம் மறந்துவிட்டு ஆட வேண்டிய ஒரே இடம் இது. வர்க்‌ஷாப் இருந்தால் மட்டும் இறங்குங்கள். 4 காசு விலையுள்ள கார்டன்ஸை அது இலவசமாக எடுத்துத் தரும். வர்க்‌ஷாப், கார்டன்ஸ், எஸ்டேட் மூன்றையும் காலி செய்து, எதிராளி பிராவின்ஸுக்குத் தயாராவதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

ஒரு முறையில் 16 காசு சேர்ந்தும் ஒரு பிராவின்ஸ்தான் வாங்க முடிந்தது. என்ன தவறு?

கூடுதலாக வாங்கும் வாய்ப்பு தரும் கார்டை மறந்துவிட்டீர்கள். அடிப்படைப் பெட்டியில் மார்க்கெட், ஃபெஸ்டிவல், கவுன்சில் ரூம் மூன்றில்தான் அது உண்டு, மூன்றும் 5 காசு. கட்டு பெரிதாக ஓட ஆரம்பிக்கும் முன்பே ஒன்றாவது சேர்த்துவிடுங்கள். நடுவில் மூன்றுமே இல்லையென்றால் 8 காசுக்கு மேல் சேர்த்துப் பயனில்லை. அதிகம் கட்டி எழுப்பாமல் சீக்கிரம் பிராவின்ஸ் வாங்க ஆரம்பியுங்கள்.

முதல் ஆட்டத்துக்குப் பெட்டியிலேயே சொல்லியிருக்கும் பத்து வகையில் எதை வாங்குவது?

அந்தப் பத்து: செல்லர், மார்க்கெட், மெர்ச்சண்ட், மிலிஷியா, மைன், மோட், ரீமாடல், ஸ்மிதி, வில்லேஜ், வர்க்‌ஷாப். கர்ஸ் தரும் விட்சும் சாப்பலும் இல்லை. தாக்குவது மிலிஷியா மட்டும்.

நான் ஆரம்பிப்பது மிலிஷியாவும் சில்வரும். 5 காசு வந்தால் மார்க்கெட். ஒரு ரீமாடல் கட்டாயம் வாங்குவேன். எஸ்டேட்டை எறிந்தால் 4 காசுக்குள் உள்ளது கிடைக்கும் என்பதால், அது ஒவ்வொரு எஸ்டேட்டையும் ஒரு ஸ்மிதியாக மாற்றித் தரும். பிறகு வில்லேஜும் ஸ்மிதியும் இணையாக. மெர்ச்சண்ட் 3 காசுக்குக் கெடுதல் இல்லாத கார்டு. தனக்குப் பதில் ஒரு கார்டு தரும், இன்னொரு ஆக்‌ஷனும் தரும், அந்த முறையில் முதல் சில்வர் இறக்கும்போது ஒரு காசு கூடும். இரண்டு மெர்ச்சண்ட் இறக்கியிருந்தால் அதே சில்வருக்கு இரண்டு காசு கூடும். மைனையும் மோட்டையும் தொடுவதில்லை. செல்லர் ஒன்று இருந்தால் பிராவின்ஸ் சேர்ந்த பிறகு கையில் அடைத்துக்கொண்டு நிற்பவற்றைக் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

கடைசி கட்டத்தில் ரீமாடல் மறுபடி வேலைக்கு வரும். 6 காசு கோல்டை எறிந்தால் 8 காசு பிராவின்ஸ் கிடைக்கும். பிராவின்ஸையே எறிந்து இன்னொரு பிராவின்ஸ் எடுக்கவும் விதி இடம் தருகிறது. நீங்கள் முன்னணியில் இருக்கும்போது குவியலைச் சீக்கிரம் தீர்க்க அது நல்ல வழி.

டச்சி எப்போது வாங்குவது?

இருவர் ஆட்டத்தில் மொத்தம் 8 பிராவின்ஸ். நான்கு மிஞ்சும்போது 5 காசுக்கு டச்சியை யோசிக்கலாம். அதற்கு முன் வாங்கினால் கட்டை வீணாக அடைக்கும்.

இரண்டு பிராவின்ஸ்தான் பாக்கி, கையில் 8 காசு. வாங்கிவிடலாம்தானே?

நின்று எண்ணிப் பாருங்கள். இருவரும் தலா மூன்று பிராவின்ஸ் வாங்கியாகிவிட்டது. எதிராளிக்கு 18-உம் மூன்று எஸ்டேட்டும் சேர்ந்து 21. நீங்கள் ஒரு எஸ்டேட்டை ரீமாடலில் விட்டதால் 20. இப்போது நீங்கள் பிராவின்ஸ் வாங்கினால் 26. எதிராளி கையில் 8 காசு இருந்தால் கடைசியை எடுத்து 27 ஆகிவிடுவார், ஆட்டம் முடிந்தது, தோல்வி.

அதே 8 காசுக்கு டச்சி வாங்குங்கள். 23-க்கு 21, நீங்கள் முன்னால். இப்போது அந்தச் சங்கடம் எதிராளிக்கு. அவர் பிராவின்ஸ் எடுத்தால் 27, நீங்கள் கடைசியை எடுத்து 29. அவர் எடுக்கவில்லையென்றால் அவரும் டச்சிக்குப் போவார், 24 ஆகும், நீங்கள் மறுபடி எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் இந்த இடம் வந்தால் யாரும் பேசுவதில்லை. டச்சிக் குவியல் ஒவ்வொன்றாகக் குறையும்போது ஒருவர் கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஆறிப்போன காபியை யாரும் தொடாமல்.